கிழிக்காமல் வைத்திருந்த கடிதம்

அந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றிய நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. சமையலறையில் அடுப்புக்கு எதிரே முக்காலியில் மதினி உட்கார்ந்திருந்தாள். என் அண்ணன் மனைவி. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நான் ஜன்னலோரம் நின்று, இலங்கையிலிருந்து அவளுடைய அக்கா எழுதிய கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். உறையின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்ததால், பிரிக்கும் முன்பே அது சாவுச் செய்தி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாருடைய சாவு என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அது முதல் வரியிலேயே வந்தது. மதினியின் அம்மா இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் நான்கு வரி தாண்டிப் போய்விடும். அன்றும் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் இருந்தது இது: கடைசி மூன்று நாள் அந்த அம்மா நினைவு தப்பிக் கிடந்தாள். கடல் தாண்டிப் போன நடுப்பிள்ளையையே கேட்டுக்கொண்டிருந்தாள். யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த நீளக் குடியிருப்பு வரிசையில், மதினியின் சாயலில் ஒரு பெண் இருந்தாள். சுடுதண்ணீர் ஊற்றிச் சீனி போட்டுப் பிசைந்த சோற்றை அவள் எடுத்துக்கொண்டு போனாள். "நடுவுள்ளவ வந்துட்டானு சொல்லி ரெண்டு வாய் வாங்கிக்கிட்டா. அதுக்குப் பொறகு ஒண்ணும் எறங்கல" என்று அக்கா எழுதியிருந்தாள்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். மதினியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் தடுமாறவே இல்லை. முக்கால் பக்கத்தைத் தாண்டி, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று தொடங்கும் கடைசிப் பத்திக்கு வந்து, அதே குரலில் வாசித்து முடித்தேன். மதினி அடுப்படித் துணியை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள். இதை வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்த அதே மூச்சில், இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவள் அழுதுகொண்டிருக்க, நான் கதைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும். நம் கையெழுத்துப் பத்திரிகையின் இந்த இதழில் 'நடுவுள்ளவள்' கதையின் இரண்டாம் பகுதி வரும் என்று சென்ற முறை கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அது வராது. ஏன் வராது என்பதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான். நான் எழுதி, கொடைக்கானலில் எங்கள் வீட்டிலேயே தைத்து, காக்கி அட்டை போட்டு, துணிப்பையில் வைத்து அனுப்புகிறேன். முதலில் பூம்பாறை பஸ்ஸில் ஏறி, அங்கே பூண்டு வியாபாரம் பார்க்கும் நண்பரிடம் போகிறது. பிறகு பழனிப் பக்கம் இறங்கி, பாலசமுத்திரத்தில் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு. கடைசியில் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு. ஆளுக்கு ஒரு வாரம். பின்னால் தைத்திருக்கும் எட்டு வெள்ளைப் பக்கங்களில் படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத வேண்டும் என்பது ஒன்றே சந்தா.

ஒவ்வொரு இதழிலும் என் வேலைகளைப் பற்றி ஒப்பிப்பது வழக்கம். இந்த முறையும் ஒப்பித்துவிடுகிறேன். நாவல் அறுபது பக்கத்தில் நிற்கிறது. பரீட்சைத் தாள்களில் பிள்ளைகள் எழுதாமல் விட்ட பாதியை வெட்டியெடுத்து அதில் எழுதுகிறேன் என்பதால், பக்கங்கள் ஒரே அளவில் இல்லை; நாவலும் அப்படித்தான் இருக்கிறது. வானொலிக்கு அனுப்பிய நாடகம் திரும்பி வந்துவிட்டது. அதில் பதினோரு பாத்திரங்கள், நாலு இடத்தில் மழை. மழையைக் குறைத்து அனுப்பினால் பார்க்கலாம் என்று யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு மழையை எப்படிக் குறைப்பது என்று நான் ஒரு வாரம் பொருமினேன். கவிதை எழுதுவதை விட்டுவிட்டேன். இரண்டு பேர் மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளி ஒன்றின் நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பட்டப்படிப்பைத் தபாலில் முடித்த நாள் முதல் அங்கேதான். மூடுபனி மாதங்களில் புத்தக முதுகெல்லாம் பூசணம் பூத்துவிடும். வெயில் எட்டிப் பார்த்தால், ஒரு அலமாரியை அப்படியே வராந்தாவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் துடைத்து, நடுவில் பிரித்து, கூரைபோலக் கவிழ்த்து நிற்க வைக்க வேண்டும். பனி திரும்புவதற்குள் வெரசாக உள்ளே எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் திறந்திருக்கும் பக்கத்தை நின்றபடியே படிப்பேன். ஒரு காலையில் முப்பது புத்தகத்தில் முப்பது நடுப்பக்கம். யார் யாரைக் கட்டினார்கள், யார் செத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தேவைப்படாமலே போயிற்று. நல்ல வரி ஒன்று கிடைத்தால் போதும். குறித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவுவேன். இதைப் பெருமையாகவே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இப்போது பெருமை இல்லை. மதினியின் கடிதத்தையும் நான் அப்படித்தான் படித்திருக்கிறேன்.

மதினி பெரும்பாறைப் பக்கத்துக்காரி என்றுதான் உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். அவள் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போனவள். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து அவளிடம் நிற்காது. எழுபதுகளின் தொடக்கத்தில், இந்தியப் பாஸ்போர்ட் வந்தவர்களெல்லாம் கப்பலேறியபோது, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ராமேசுவரத்தில் வந்து இறங்கினாள். அப்பா முன்பே இல்லை. அக்காவுக்கு அப்போது நிறைமாதம், கையிலும் ஒரு குழந்தை. பிரசவம் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அம்மா அங்கே தங்கிவிட்டாள். அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று ஏழு வருஷம் போயிற்று. இடையில், ஆரஞ்சு ஏற்ற லாரி கொண்டுபோன என் அண்ணன் பெரும்பாறையில் மதினியைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான்.

மாதம் ஒரு கடிதம் அக்காவிடமிருந்து வரும். வாசிப்பது நான், பதில் எழுதுவதும் நான். வீட்டில் எல்லோரும் என்னை, இருபத்துமூன்று வயதிலும், "பாப்பா, நீ" என்பார்கள். மதினி மட்டும் "பாப்பா, நீங்க" என்பாள். அந்த 'நீங்க' என் படிப்புக்குக் கொடுத்த மரியாதை என்று எனக்குத் தெரியும். பதில் எழுதும்போது அவள் நாலு வார்த்தை சொல்வாள். நான் அதை நாற்பதாக்குவேன். திருப்பி வாசித்துக் காட்டினால் அவளே மலைத்துப்போய், "நானா பாப்பா இதச் சொன்னேன்" என்று கேட்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது. வாசித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டில் தங்கினால் இன்னொரு சாவை அழைக்கும் என்பார்கள். சாமியார் இதை மூடப்பழக்கம் என்று பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். அம்மா அதற்கும் ஆமென் சொல்லிவிட்டு வந்து, கறுப்பு மூலை வைத்த எதையும் அரை மணி நேரம் வீட்டில் தங்க விடமாட்டாள். அன்றும், "கிழிச்சு அடுப்புல போடு பாப்பா, வயித்துப்புள்ளக்காரி இருக்கா" என்றாள். நான் உறையைக் கிழித்தேன். கூடவே என் நோட்டிலிருந்து ஒரு வெற்றுத்தாளையும் கிழித்து இரண்டையும் சேர்த்து அடுப்பில் போட்டேன். கடிதம் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. பிறகு நாவல் நோட்டுக்குள் போயிற்று. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை.

அந்த வாரம் பதில் எழுதினோம். அம்மாவுக்குப் பூசை வைத்ததையும், தான் சுகமாக இருப்பதையும் சொல்லிவிட்டு, அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் மதினி. நான் "கண்ணீர்க் கடலில்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து கடிதம் வரவில்லை.

டிசம்பரில் குழந்தை பிறந்தது. பெண். முதல் பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீடு போவார்கள். மதினிக்குப் போக இடமில்லாததால் இங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றாள். குளிரில் அம்மா விடுதிச் சமையல் வேலைக்கும் போய்க்கொண்டு, வெள்ளனே எழுந்து மதினிக்கு வெந்நீரும் போட்டாள். குழந்தை பிறந்த செய்தியை அக்காவுக்கு எழுதினோம், மூலைகளில் மஞ்சள் தடவி. பதில் இல்லை. தபால்காரர் மேட்டில் ஏறி வரும்போது மதினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தப் பக்கம் கலவரம், தோட்டத்து ஆட்கள் இடம்மாறிப் போகிறார்கள் என்றெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு என்ன ஆயிற்றோ என்று மதினி மெலிந்துகொண்டே வந்தாள்.

நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. விடியும் முன்பே எழுந்து, அடுப்பில் கரி போட்டுவிட்டு, குளிரில் விரல் மடங்காமல் எழுதினேன். தேயிலையைக் காப்பி ஆக்கினேன். கடலை மலையாக்கினேன். அக்காவை எடுத்துவிட்டேன், கதைக்கு அவள் தேவைப்படவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மாற்ற என்னால் முடியவில்லை. எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் கடிதத்தில் இருந்ததுதான் சரியாக இருந்தது. அப்படியே வைத்தேன். நடுவுள்ளவ, சீனிச்சோறு, ரெண்டு வாய்.

மதினிக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று நினைத்தேன். பத்திரிகையின் கடைசி வாசகன் பெரும்பாறையில் இருக்கும் அவளுடைய தம்பி என்பது தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவன் சின்ன வயதில் கப்பலேறியவன், அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, பையை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

சீசன் முடிந்து, லாரியை விட்டு இப்போது டாக்ஸி ஓட்டும் அண்ணனுக்கு ஓட்டம் குறைந்ததும், மதினியையும் குழந்தையையும் பெரும்பாறைக்குக் கொண்டுபோய் விட்டான். தாய்மாமன் குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. ஐந்து நாள் கழித்து மதினி திரும்பி வந்தாள். கையில் மிளகுப் பொட்டலம், குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா, கூடவே நம் பத்திரிகையின் துணிப்பை. தம்பி கொடுத்துவிட்டான் என்று சொல்லி என் மேஜைமேல் வைத்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கங்களைத் திருப்பினேன்.

பூம்பாறை நண்பர், கதையைப் படித்துவிட்டு அன்று கடைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தார். பாலசமுத்திரத்து ஆசிரியர், "அந்த ரெண்டு வாய் என்ற வரிக்காக மட்டும் இவரைப் பாராட்டுவேன், இது கற்பனையில் வராது, வந்திருந்தால் இவர் பெரிய ஆள்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதற்குக் கீழே பென்சிலில், வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிய எழுத்தில், ஒரே வரி இருந்தது.

"இந்தக் கதையை என் அக்கா முன்னால் நான் வாசித்தேன்."

நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்த சாயங்காலங்களில் காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்களாம். பத்திரிகை வந்தால் மதினியின் தம்பி வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். அன்று மதினியும் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'நடுவுள்ளவ வந்துட்டா' என்ற இடம் வந்ததும் அவன் நிறுத்திவிட்டான். கதை உருக்கமாக இருப்பதால் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து ஒரு பெரியவர், "ஏலே, நல்ல எடத்துல நிப்பாட்டுறியே, மேல வாசி" என்றாராம். அவன் அக்காவைப் பார்த்தான். மதினிதான், "வாசி" என்றிருக்கிறாள். அவனும் கடைசி வரை வாசித்தான். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கதையில் அந்தக் கிழவி சாகும் இடத்தில் ஒரு பெண் அழுதேவிட்டாளாம்.

வீடு திரும்பிய மதினி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி கொடுத்தாள். என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். 'பாப்பா' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. எதையும் பொதுவாகக் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள். தண்ணி சுட்டுருச்சு. தபால் இன்னிக்கும் இல்ல. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. நூலகத்தில் நான் பிரித்து வைத்த பக்கங்களில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அண்ணனுக்கு விஷயமே தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, விறகுக் கொட்டகையில் ஈர விறகைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மதினி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"பாப்பா, அந்தக் கடுதாசியக் கிழிச்சுட்டீங்களா?"

"இல்ல மதினி."

"எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. கிழிச்சுப் போட்டத அப்பிடியே எழுத ஏலாது." ஒரு விறகை எடுத்து அடுக்கில் வைத்தாள். "அம்மா சீனிச்சோறு திங்கிறது எங்க லயத்துக் காம்பராக்குள்ள மட்டுந்தான் தெரியும். வெளிய சொன்னா சிரிப்பாங்கனு அம்மா சொல்லமாட்டா. அங்க பெரும்பாறையில அத்தன பேருக்குத் தெரியுது. எனக்குத்தான் கடசியாத் தெரியுது."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். உங்கள் உடம்புக்காகத்தான், குழந்தைக்காகத்தான் என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போய் எடுத்துட்டு வாங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க. வேகமா வாசிக்க வேணாம்."

எடுத்து வந்தேன். விறகுக்கட்டை ஒன்றில் அவளும் இன்னொன்றில் நானும் உட்கார்ந்தோம். வெளியே பனி இறங்கி, கொட்டகை வாசலில் நின்ற பேரிக்காய் மரம்கூடத் தெரியவில்லை. முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். என் கண் முன்னால் ஓடாமல் இருக்க ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துக்கொண்டேன். மூன்று நாள், நடுவுள்ளவ, சீனிச்சோறு எல்லாம் வந்தன. மதினி அழவில்லை. அந்தப் பக்கத்து லயத்துப் பெண் யார் என்று மட்டும் சொன்னாள். தன்னோடு கொழுந்து பறித்தவளாம், ஆற்றில் சேர்ந்து குளித்தவளாம். "அவ கையால வாங்கிக்கிட்டாளா" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு, அதற்கடுத்த பத்தி வந்தது. நான் தாண்டியதில் அதுவும் சேர்த்தி.

"அம்மாவ நான் புடிச்சு வச்சிக்கிட்டேனு ஒனக்கு எம்மேல கோவம் இருக்கும். நான் வரவிடாம வச்சிருக்கலன்னா அவ ஒன் கையால சாப்பிட்டுச் செத்திருப்பா. அது எனக்கே தெரியும். கோவம் இல்லேனா ஒரு வரி எழுது, கோவம் இல்லேனு. அத எழுதாம வேற என்ன எழுதுனாலும் கோவம் இருக்குனு நெனச்சிக்கிட்டு நான் இனிமே எழுதல."

இதை நான் அன்றைக்கே பார்த்திருந்தேன். பிரசவம் முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தேன். பிரசவம் முடிந்தது. அதற்குள் கதை வந்துவிட்டது. பிறகு அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எடுத்துப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வேண்டிய வரியில் போய் நின்றுவிடுவேன். கதையில் அக்கா இல்லை. அதனால் அக்கா கேட்ட கேள்வியும் என் மண்டையிலிருந்து போய்விட்டது. அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள், நான் அவளுக்கு "கண்ணீர்க் கடலில்" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். எட்டு மாதமாக வாசலில் நின்ற மதினிக்குத் தபால் வராததற்குக் காரணம் கலவரம் இல்லை, கப்பல் இல்லை. நான்.

வாசித்து முடித்துவிட்டு நிமிரப் பயமாக இருந்தது. மதினி கடிதத்தைக் கையில் வாங்கி, அந்தப் பத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவமே இல்ல பாப்பா" என்றாள். "அக்காமேல எனக்கு எந்தக் காலத்துலயும் இல்ல. கோவமெல்லாம் இப்பத்தான். ஒங்க மேல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது சரியான அளவில் இல்லை என்பது கேட்கும்போதே தெரிந்தது.

அம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. நான் அடுப்பில் போட்டது கடிதம் இல்லை என்பது புரிந்துவிட்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி எழுத வேண்டாம். மதினியிடம், "இப்பமாவது கிழிச்சுப் போட்ருவோம் ஆத்தா" என்றாள். மதினி வேண்டாம் என்று தலையசைத்தாள். பதில் போட்ட பிறகு கிழிக்கலாம், பதில் போடாத கடிதத்தை எப்படிக் கிழிப்பது என்று கேட்டாள். அம்மாவுக்கு இதற்குச் சட்டம் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, வீட்டுக்குள் மட்டும் வர வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னாள். ஆகவே கடிதம் இப்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள், விறகுக் கொட்டகையில், மழைத்தண்ணீர் படாத மூலையில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. முதல் வாரம் மதினி தயாராக இல்லை. இரண்டாம் வாரம் குழந்தைக்குச் சளி. இப்போது சரியாகிவிட்டது. அடுத்த மாதம் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட வேண்டும். அது சீனிச்சோறுதான் என்று மதினி சொல்லிவிட்டாள். பருப்பும் நெய்யும் என்று பழகிய அம்மா மறுப்புச் சொல்லவில்லை.

'நடுவுள்ளவள்' கதையின் முதல் பகுதியைப் பழைய இதழிலிருந்து தையலைப் பிரித்து எடுத்துவிட்டேன். சிவப்பு மைப் பாராட்டும் அதோடு போயிற்று. யாரும் அதைத் திரும்பக் கேட்க வேண்டாம். நாவல் நிற்கட்டும். நூலகத்தில், இந்த வாரம் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. நடுப்பக்கத்தில் எனக்குப் பிடித்திருந்த வரியைச் சொன்னவன் யார் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் நினைத்திருந்த ஆள் இல்லை.

இந்தப் பக்கங்களையும் முழுவதுமாக மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அனுப்பலாமா என்று கேட்டதற்கு, அந்தக் கதையைக் கேட்டவர்களெல்லாம் இதையும் கேட்கட்டும் என்றாள். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். அவள் அழுத இடத்தில் நான் முந்தானை என்று எழுதியிருந்தேன். "முந்தானையா? அடுப்படித் துணி அது, கரி வேற இருந்துச்சு" என்றாள். திருத்திவிட்டேன்.

நாளை ஞாயிறு. பூசைக்குப் பிறகு கொட்டகையில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடிதம் எழுதப்போகிறோம். பழைய விலாசம்தான் இருக்கிறது. அவள் அங்கே இல்லாமல் இருக்கலாம். கடிதம் திரும்பி வரலாம். வந்தால், அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் பெரும்பாறையில் யாராவது இருக்கிறார்களா என்று தம்பி விசாரித்துச் சொல்வான், திரும்ப அனுப்புவோம். கோடு போட்ட தாள் வாங்கி வைத்திருக்கிறேன். மதினி சொல்லும்போது சொல்லும் வேகத்தில், சொன்னதை மட்டும் எழுத வேண்டும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது. நான் இதுவரை செய்து பார்க்காத வேலை.

கடிதத்தை வாசிக்காமல் விட்டது நான்தான் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள் என்று மதினியிடம் கேட்டேன்.

"எழுதப்போறது ஒங்க கைதான. அந்த எடம் வரும்போது நீங்களே எழுதிருங்க" என்றாள்.

முதல் இரண்டு வரி அவள் முடிவு செய்துவிட்டாள். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொல்லிக்கொண்டே இருந்தாள், மறந்துவிடாமல் இருக்க. "அக்கா, ஒன் கடுதாசி எனக்கு இப்பத்தான் முழுசா வந்துச்சு. எனக்குக் கோவம் இல்ல."

அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.